பேரைச் சொல்லிவிட்டு வெட்டு

எங்கள் ஆஸ்பத்திரியில் ஓய்வுபெற்ற பழைய ஆட்களை அழைத்து ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். கறிபஃப், கேக், ஆளுக்கொரு குடை. வயதானவர்களுக்கு எதைக் கொடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் யாருக்கோ குடை தோன்றியிருக்கிறது. நான் குடையை மடியில் வைத்துக்கொண்டு கேக்கைத் தின்றுகொண்டிருந்தபோது ஓர் இளம் நர்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க எந்த வார்டு?"

"வார்டு இல்லம்மா. தையல் ரூம்."

"இங்க தையல் ரூம்லாம் இருந்துச்சா?"

இருந்தது என்று நிரூபிக்க என்னிடம் என்ன இருக்கிறது, கத்தரி பிடித்துக் காய்த்துப்போன இந்தக் கட்டைவிரல்தான். அதைக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு என்னை உள்ளே அழைத்துப்போய் இப்போதைய ஆபரேஷன் அங்கியைக் காட்டினாள். காகிதம் மாதிரி ஏதோ ஒன்று. "ஒரு தடவை போட்டுட்டு த்ரோ பண்ணிடுவோம்லா" என்றாள். நல்லதுதான். அந்தக் காலத்தில் சலவைக்காரர்கள் ரத்தக் கறையோடு பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் யாரும் காகிதத்தைக் குறை சொல்லமாட்டார்கள். இதற்குப் பேர் என்ன என்று கேட்டேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்து ஒரு நம்பரைப் படித்தாள். பேர் கிடையாதா என்றேன். நம்பர்தான் ஆன்ட்டி என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் சிரிக்கிறேன் என்று கேட்டாள். அங்கே நின்றபடி சொல்லி முடிக்கிற சமாசாரமா அது? ஓய்வுபெற்றவர்களின் மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று விட்டுவிட்டாள். எழுதுகிறேன்.

நான் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பிறந்து வளர்ந்தவள். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஐம்பதுகளின் நடுவில், கல்யாணம் ஆகிறவரை கொஞ்ச நாள் போய்வரட்டும் என்று வீட்டில் ஆஸ்பத்திரி வேலைக்கு அனுப்பினார்கள். அந்தக் கொஞ்ச நாள் என் தலை நரைக்கிறவரை நீண்டது. முதலில் பொத்தான், பிறகு தலையணை உறை, பிறகு ஓரம் மடிப்பது, பிறகு மெஷின். கத்தரி என் கைக்கு வரக் காலம் பிடித்தது. அதுவரை நடந்ததையெல்லாம் எழுதினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள்.

தையல் அறை சலவைக் கூடத்தை ஒட்டி இருந்தது. பகல் முழுக்க ஆவியும் சோப்பு வாசமும் வந்துகொண்டே இருக்கும். எங்களுக்குத் தலைமை மிஸஸ் ஜோசஃபின். தமிழ்க் கத்தோலிக்கர். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் தையலும் இங்கிலீஷும் கற்றவர். கணவரை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை. அவர் பேரை எந்த நினைவுக்கல்லிலும் பார்த்ததில்லை என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொல்லியிருக்கிறார். எப்போதும் கஞ்சி போட்ட வாயில் சேலைதான். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும். மேடத்துக்குக் குரல் இறங்கும். அவர் கிசுகிசுத்தால் நாங்கள் மெஷினை நிறுத்திவிடுவோம்.

அந்த அறையில் ஒரு சட்டம் இருந்தது. கத்தரியைத் துணியில் வைக்கும் முன் வெட்டுகிறவள் துணியின் பேரைச் சத்தமாகச் சொல்லவேண்டும். எதிரே நிற்கிறவள் துணியை விரலால் தடவிப் பார்த்து அதே பேரைத் திருப்பிச் சொல்லவேண்டும். அதன் பிறகுதான் வெட்டு. எங்களுக்கு வருகிற துணி எல்லாமே வெள்ளை. கட்டுப்போடுகிற மஸ்லினும், அங்கி தைக்கிற ட்ரில்லும், போர்வைக்கான காலிகோவும், டாக்டர்மார்களின் கேம்ப்ரிக்கும் துணிக்கட்டிலிருந்து பிரித்துப் போட்டால் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். நான் சேருவதற்கு முன்னால் யாரோ மஸ்லினில் சர்ஜன் அங்கி வெட்டிவிட, அதைப் போட்டுக்கொண்டு விளக்குக்குக் கீழே நின்ற சர்ஜனின் அரைக்கால் சட்டை எல்லாருக்கும் தெரிந்ததாம். நர்ஸ் ஊசி போடும் முன் நோயாளியின் பேரைக் கேட்கிறாள் இல்லையா, துணிக்கும் அதுதான் மரியாதை என்று மேடம் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்.

சட்டத்துக்கு ஒரு வாலும் வைத்திருந்தார். பேரைச் சொன்னால் போதாது, அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்திருக்கவேண்டும்.

"பேர் தெரியாத ஆளை வீட்டுக்குள்ள விடுவியா? ஊர் தெரியாத ஆளுக்குப் பொண்ணு குடுப்பியா? அப்புறம் துணியை மட்டும் ஏன் கேக்காம தொடுற?"

அப்படித்தான் எங்களுக்கு உலகம் தெரிந்தது. காலிகோ என்றால் நம் கோழிக்கோடு. மஸ்லின் மோசூல் பக்கத்துச் சரக்கு. கேம்ப்ரிக் பிரான்சில் ஒரு ஊர். டெனிமும் அங்கேதான், வேறொரு ஊர். ஜெர்சி கடலுக்கு நடுவில் ஒரு தீவு, அங்கே மாடும் உண்டு. டமாஸ்க் டமாஸ்கஸ். மெட்ராஸ் என்று ஒரு கட்டம் போட்ட துணி இருப்பதும், அதை வெள்ளைக்காரர்கள் மெட்ராஸ் என்றே சொல்லி வாங்குவதும் எனக்குப் பெருமையாக இருந்தது. நான் மெட்ராஸைப் பார்த்ததே கிடையாது. என் மேசைக்கு எதிரே நின்றவள் ஆ லெங், ஹொக்கியன் பேசுகிற சீனப் பெண். எங்களுக்குள் பேச்செல்லாம் சந்தை மலாயில். கை கால் முறிந்தவர்களுக்குப் போடும் மாவுக்கட்டுக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்று பேர், பாரிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் தோண்டி எடுத்த மாவு என்று மேடம் சொன்ன அன்று ஆ லெங், "அப்ப என் வீட்டுக்காரனும் பாரிஸ்தான். ஒரு கிளாஸ் உள்ள போனா கல்லு மாதிரி கிடப்பான்" என்றாள். மேடமே சிரித்துவிட்டார்.

ஊர்ப் பேர் போக ஆள் பேர் கொஞ்சம் உண்டு. மேட்ரனின் கம்பளிச் சட்டை பொத்தானுக்கு வரும், கார்டிகன். அது ஒரு பட்டாளத்துத் துரையின் பட்டத்துப் பேர். பெண்களின் உள்ளாடை ப்ளூமர். அது ஒரு அமெரிக்க அம்மாவின் பேர். அந்த அம்மா அதைத் தைக்கவும் இல்லை, முதலில் போடவும் இல்லை. பெண்கள் நடமாட அந்த மாதிரி உடுப்பு நல்லது என்று தன் பத்திரிகையில் எழுதினாராம், பேர் ஒட்டிக்கொண்டது. எழுதினதுக்கு இப்படி ஒரு தண்டனையா என்று ஆ லெங் உச்சுக்கொட்டினாள்.

"மேடம், அப்ப நெய்தவங்க பேரு, தச்சவங்க பேரெல்லாம்?" என்று நான் கேட்டேன்.

"நெய்தவங்களுக்கு ஊர்ப் பேராவது மிஞ்சிச்சு. ஆள் பேரு துரைமாருக்குத்தான்" என்றார். சொல்லிவிட்டு ட்ரில் என்று பேர் சொல்லி வெட்ட ஆரம்பித்தார்.

இனி முனியாண்டி அண்ணனைப் பற்றி.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஆண்கள் வார்டிலிருந்து ஒரு சட்டை எங்களுக்குத் திரும்பி வந்தது. டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கு நாங்கள் அனுப்பிய சட்டை. போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார், சட்டை போடாததால் வீட்டுக்கும் போக மாட்டேன் என்கிறார் என்று அட்டெண்டண்ட் சொன்னான். மேடம் சட்டையை விரித்துப் பார்த்தார். இடது கை மடித்து மேலே ஏற்றப்பட்டு ஒரு பெரிய ஊக்கால் குத்தப்பட்டிருந்தது.

"இந்த ஊக்கைக் குத்தினது யாரு?" என்று கேட்டார். குரல் இறங்கிவிட்டது. அட்டெண்டண்ட் நழுவிவிட்டான். மேடம் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு வார்டுக்குப் போனார்.

முனியாண்டி அண்ணன் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர். கப்பலிலிருந்து சரக்கைத் தூக்கி இறக்கும் அந்த இயந்திரத்தில் கம்பி வடம் அறுந்து அடித்ததில் இடது கை போய்விட்டது. தோளோடு எடுத்திருந்தார்கள். நாங்கள் போனபோது கட்டிலில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மனைவி அங்கம்மாள் அக்கா கீழே பாத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். மேடம் திரையை இழுத்து மறைத்துவிட்டு, "தொடலாமாய்யா?" என்று கேட்டார்.

"தொடுங்கம்மா. அங்க ஒண்ணும் இல்ல."

மேடம் அவசரப்படவில்லை. இருக்கிற தோளை முதலில் அளந்தார். பிறகு கழுத்தெலும்பிலிருந்து விரலை மெதுவாக நகர்த்திக்கொண்டே போய் அது எங்கே முடிகிறது என்று பார்த்தார். "சட்டை பிடிக்கலையா?" என்றார்.

அங்கம்மாள் அக்காதான் சொன்னார். "மகளுக்குத் தையில கல்யாணம் வெச்சிருக்கும்மா. மாரியம்மன் கோயில்ல. இவரு தம்பியை நிக்க வெச்சுத் தாரை வார்த்துக் குடுன்னு சொல்றாரு. கோயில் பக்கமே வர மாட்டாராம். பொண்ணு மூணு நாளா சாப்பிடல."

"மாப்பிள்ளை வீட்ல ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லலைங்க. நல்ல மனுசங்க."

"அப்புறம் என்னய்யா?"

அவர் தலையணைக்குக் கீழிருந்து ஒரு துண்டை எடுத்தார். அதை வலது கையால் உதறி, கை இல்லாத இடது தோளின் மேல் போட்டார். அது ஒரு கணம் நின்று, சரிந்து, மடியில் விழுந்தது. மறுபடி போட்டார். மறுபடி விழுந்தது.

"இதாம்மா" என்றார்.

வலது தோளில் போட்டுக்கொண்டால் என்ன என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன்.

"நான் போட்டுக்கலாம் தங்கச்சி. சம்பந்தி போடும்போது ரெண்டு தோளும் வேணும். மாலை போடுவாரு, துண்டு போத்துவாரு. கோயில் முழுக்கப் பார்த்துக்கிட்டிருக்கும். அது சரிஞ்சு கீழ விழும். அப்ப குனிஞ்சு எடுக்கறது யாரு? அவரா, நானா?"

கல்யாணத்தில் சம்பந்தி போர்த்துகிற துண்டு கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அபசகுனம் என்பார்கள், அதைப் பெண்ணின் தலையில்தான் வைப்பார்கள்.

"இன்னொண்ணும் இருக்கும்மா" என்றார் அவர். "எங்க லைன் வீடுங்கள்ல முனியாண்டி நாலஞ்சு பேரு. தண்ணி டேங்க் முனியாண்டி, மீசை முனியாண்டி, அப்படி. நான் வின்ச் முனியாண்டி. வின்ச் ஓட்றவனுக்கு அங்க ஒரு மரியாதை. இப்ப என்னைப் பார்க்க வந்த பய கீழ கவுன்ட்டர்ல எப்படிக் கேட்டிருக்கான் தெரியுமா? ஒத்தக்கை முனியாண்டி எந்த வார்டுன்னு. என் மககிட்டயும் அப்படித்தான் கேப்பாங்க. ஒத்தக்கையன் மகளான்னு. நான் அங்க போய் நிக்காட்டி அந்தப் பேச்சு கொஞ்சம் கம்மியா இருக்கும்."

மேடம் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, "சட்டையை நான் தச்சுத் தர்றேன். போடறதும் போடாததும் உங்க இஷ்டம்" என்றார்.

அறைக்கு வந்ததும் ஊக்குக் குத்திய சட்டையைப் பிரித்து மேசையில் போட்டார். சாதாரணச் சட்டையில் கைத்துணி தோள் எலும்பின் முனையில் வந்து இணைகிறது. அந்த முனை இல்லாதவருக்கு இணைப்பு எங்கே உட்காரும்? கீழே இறங்கும், கழுத்தையும் ஒரு பக்கமாக இழுக்கும். மேடம் சாக்கட்டியால் காலரிலிருந்து அக்குள்வரை சாய்வாக ஒரு கோடு போட்டார். கையும் தோளும் ஒரே துணி, தையல் கழுத்திலிருந்தே கிளம்பும், தோள் முனையைத் தேடவே தேடாது. "ராக்லன்" என்றார். வாலையும் சொன்னார். ராக்லன் ஒரு வெள்ளைக்காரத் தளபதி. சண்டையில் ஒரு கையை இழந்தவர். அவர் சுலபமாகப் போட்டுக்கொள்ளத்தான் இந்தக் கையை வெட்டினார்கள் என்று சொல்வார்கள்.

துணி எது என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம். கேம்ப்ரிக்கில் துண்டு வழுக்கும். ட்ரில் விறைப்பாக நிற்கும். கடைசியில் காலிகோவைக் கஞ்சி போகப் பலமுறை அலசி, இஸ்திரி போடாமல் காயவைத்தோம். தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பாக, துண்டைப் பிடித்துக்கொள்கிற மாதிரி ஆனது. உள்ளே தோளுக்கு மஸ்லின் பையில் பஞ்சை அடைத்து, பஞ்சு நகராமல் குறுக்கும் நெடுக்கும் தைத்து ஒரு மெத்தை செய்தோம். அது இடம் மாறாமல் இருக்க வலது அக்குள்வரை ஒரு நாடா. அரைக்கைச் சட்டைதான்; வெறும் கை தொங்காது, ஊக்கும் வேண்டாம். பொத்தான்களைப் பெரிதாக வைத்து, ஒரு கையால் போட முடிகிறதா என்று மேடம் தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தானே போட்டுப் பார்த்தார்.

முதல் மெத்தையில் துண்டு சரிந்தது. பஞ்சு போதவில்லை என்று அடுத்ததை உயரமாக வைத்தோம். போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்த முனியாண்டி அண்ணன், "ஒட்டகம் மாதிரி இருக்கும்மா" என்றார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன் என்று அங்கம்மாள் அக்கா பிறகு சொன்னார். மூன்றாவதற்கு முன் மேடம் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரை நடக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கை போன பக்கம் கனம் இல்லாததால் அவர் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உயரத்தில் கோளாறு இல்லை, சரிவில்தான் கோளாறு. கழுத்துப் பக்கம் மெல்லிசாக, வெளியே போகப் போகத் தடிமனாக மெத்தையை மாற்றினார்.

அதைச் சோதித்துப் பார்த்த சாயங்காலத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். சம்பந்தி ஒரு மாதிரிப் போர்த்துவார், இன்னொருவர் வேறு மாதிரிப் போர்த்துவார், அதனால் பலபேர் போட்டுப் பார்க்கவேண்டும் என்றார் மேடம். வார்டில் இருந்தவர்களையே கூப்பிட்டோம். வயிற்றில் கட்டோடு ஒரு மலாய்க்காரத் தாத்தா எழுந்து வந்து துண்டைப் போர்த்தி, நெஞ்சில் கை வைத்துச் சலாம் சொன்னார். காலில் மாவுக்கட்டோடு, டிரைஷா என்ற சைக்கிள் ரிக்ஷா ஓட்டுகிற ஒரு சீனர் கட்டையை ஊன்றி வந்து, தன் சொந்த மகளைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் போர்த்தினார். துண்டு நின்றது. முனியாண்டி அண்ணன் திரும்பினார், குனிந்தார், நிமிர்ந்தார். அப்போதும் நின்றது. டிரைஷாக்காரர் "போலே லா, போலே" என்றார். ஆகும், இது போதும் என்று அர்த்தம்.

எல்லாரும் படுக்கைக்குப் போன பிறகு முனியாண்டி அண்ணன் சட்டையின் சாய்வுத் தையலைத் தடவிக்கொண்டே, இந்த மாதிரி வெட்டு எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். மேடம் ராக்லன் துரையின் கதையைச் சொன்னார்.

"அவரை யாரும் ஒத்தக்கை துரைன்னு சொல்லலையாம்மா?"

"சொல்லாம இருந்திருப்பாங்களா? கண்டிப்பா சொல்லியிருப்பாங்க."

"அந்தப் பேரு எங்கம்மா போச்சு?"

மேடம் தெரியலைய்யா என்று சொல்லிவிட்டார்.

கல்யாணத்துக்கு மேடமும் நானும் போனோம். சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயில் வாசலில் மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, உள்ளே ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முனியாண்டி அண்ணன் வெள்ளைச் சட்டையோடு மணமேடைக்குப் பக்கத்தில் நின்றார். சம்பந்தி மாலை போட்டார். துண்டைப் பிரித்துப் போர்த்தினார். துண்டு அசையாமல் நின்றது. முனியாண்டி அண்ணன் கும்பிடுவதற்காக ஒற்றைக் கையை நெஞ்சுக்கு நேராக நிமிர்த்தினார். சம்பந்தி நல்ல மனிதர். தன் கை ஒன்றை எடுத்து அந்தக் கையோடு சேர்த்து வைத்துக் கும்பிட்டார். தாரை வார்த்துக் கொடுத்ததும் முனியாண்டி அண்ணன்தான். தம்பி சொம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அழுகையை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

ஆனால் பந்தியில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், "பொண்ணு யாரு மக?" என்று கேட்க, "நம்ம ஒத்தக்கை முனியாண்டி மகதான்" என்று இன்னொருவர் சொன்னார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, அடையாளத்துக்குச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி நாலு கேள்வி கேட்கப்போனேன். மேடம் மேசைக்குக் கீழே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நல்ல தையல்காரியாலும் ஊர் வாயைத் தைக்க முடியாது.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் திட்டம் போடவில்லை. அந்தச் சட்டையைப் பார்த்த வார்டு சிஸ்டர் வேறு நோயாளிகளுக்கும் கேட்க ஆரம்பித்தார். தோளில் மாவுக்கட்டுப் போட்டவர்கள், நெருப்புப் பட்டவர்கள், மார்பில் ஆபரேஷன் ஆகிக் கையைத் தூக்க முடியாத பெண்கள். எல்லாருக்கும் அந்தச் சாய்வுத் தையலும் பெரிய பொத்தானும் வசதியாக இருந்தன. முதல் முறை அதை வெட்டும்போது சட்டப்படி நான் "காலிகோ, ராக்லன்" என்று சொன்னேன். எதிரே நின்ற ஆ லெங் துணியைத் தடவிவிட்டு, "காலிகோ. ராக்லன் இல்ல லா. முனியாண்டி" என்றாள். அவள் கண்ணால் பார்த்தது அவரைத்தானே. எனக்கும் அது சரியாகப் பட்டது. நாங்கள் இருவரும் சொன்னோம், மற்றவர்கள் சொன்னார்கள், அட்டெண்டண்ட் வார்டுக்குக் கொண்டுபோனான். கொஞ்ச காலத்தில் பெண்கள் வார்டிலிருந்து சீன நர்ஸ்கள் போன் பண்ணி, முனியாண்டி ரெண்டு அனுப்புங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் அந்தப் போனை மேடமே எடுத்துவிட்டார். வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து நடக்குது இது?" கிசுகிசுப்பு. மெஷின்கள் நின்றன.

நான் சொன்னேன்.

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

இல்லை என்றேன்.

"கார்டிகன் துரை செத்துட்டாரு. ப்ளூமர் அம்மாவை யாரும் கேக்கல, அந்தம்மா என்ன நெனச்சாங்களோ. இவரு தஞ்சோங் பகார்ல உசிரோட இருக்காரு. ஏற்கெனவே ஒரு பேரைத் தூக்கிக்கிட்டு அலையறாரு. கை முடியாதவங்க சட்டைக்கு அவர் பேர் வெச்சிருக்கோம்னு வேற யாராவது போய்ச் சொன்னா அவருக்கு எப்படி இருக்கும்? சரோஜா, நீ போய்க் கேளு. வேணாம்னு சொன்னா இன்னியோட நிக்கணும். வார்டுக்கு நான் சொல்லிக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். அவர் மனசு நோகும் என்பதுதான் என் பயம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். துறைமுகக் கிடங்கு ஒன்றில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, கிடைத்திருந்தது. எங்கள் சட்டைதான் போட்டிருந்தார், தோளில் துண்டு. அங்கம்மாள் அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தார். நான் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னேன்.

அங்கம்மாள் அக்காவின் முகம் மாறிவிட்டது. "ஊரு சொல்றது பத்தாதா தங்கச்சி? கை முடியாதவங்க சட்டைக்கு இவரு பேரா? ஆஸ்பத்திரியும் சேர்ந்து சொல்லணுமா?"

"அதுக்குத்தான் கேக்க வந்தேன் அக்கா. வேணாம்னா விட்டுடறோம்."

முனியாண்டி அண்ணன் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "யார் யார் போடறாங்க?"

"பஸ் கண்டக்டர் ஒருத்தர், தோள்ல முறிவு. கையைத் தூக்க முடியாத சீன அம்மா ஒருத்தங்க, பச்சைக் குழந்தைக்காரங்க, இந்தச் சட்டையிலதான் குழந்தைக்குப் பால் குடுக்கறாங்க. இன்னும் நிறையப் பேரு."

"அவங்களுக்கு என்னைத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"எனக்குக் கை இல்லைன்னு?"

"அதுவும் தெரியாது. பாதி நர்சுங்களுக்கே தெரியாது. முனியாண்டி வேணும்னு கேக்கறாங்க, நாங்க அனுப்பறோம். அவ்வளவுதான்."

அவர் என்னை நன்றாகத் திரும்பிப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேனா என்று பார்த்த மாதிரி இருந்தது.

"முன்னால ஒண்ணும் சேர்க்கறதில்லையா?"

"இல்லண்ணே."

"அப்படின்னா சொல்லட்டும் தங்கச்சி. சேர்க்காம சொல்லட்டும். வின்சும் வேணாம், கையும் வேணாம். வெறும் முனியாண்டி."

சொல்லிவிட்டுக் காப்பியை எடுத்துக்கொண்டார். அங்கம்மாள் அக்கா நிலைப்படியில் சாய்ந்தபடி நின்றிருந்தார். அந்தக் காலத்து மனைவிமார்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்த அன்றுகூட, கவுன்ட்டரில் பேர் கேட்டபோது, மகளைத்தான் சொல்லச் சொல்லியிருக்கிறார் அங்கம்மாள் அக்கா.

"சட்டைப் பேருன்னா நானும் சொல்லலாமில்ல?" என்றார்.

நான் சொல்லலாம் அக்கா என்றேன்.

அவர் முந்தானையை வாயருகே கொண்டுபோனார். யாரையும் பார்க்காமல், குழந்தையைத் தூங்கவைக்கிற அளவு மெல்லிய குரலில், "முனியாண்டி" என்றார். முனியாண்டி அண்ணன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.